கருங்கல் காம்பரா

1885இல் இலங்கையின் நானுஓயாவுக்கு ரயில் வந்தபோது, கோப்பி நோயில் அழிந்த மலைகளில் தேயிலை வேரூன்றிக்கொண்டிருந்தது. அதைப் பயிரிட இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்காகக் கட்டப்பட்ட வரிசை வீடுகளான லயங்களில் கருங்கல் சுவரும் தகரக் கூரையும் கொண்டவை இந்தப் பக்கத்தில் இன்னும் நிற்கின்றன. ஒரு குடும்பத்துக்கான அறையான காம்பரா 10 அடிக்கு 12 அடி; முன்னால் இஸ்தோப்பு என்னும் ஒரு திண்ணை. சமையல், படுக்கை, பிரசவம், சாவு எல்லாம் அந்த 120 சதுர அடிக்குள். தண்ணீருக்குப் பீலிக்கரை.

சுவர் உறுதியானது, தலைமுறை தலைமுறையாகத் தாங்கியது. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு அது ஒருநாளும் சொந்தமாக இருக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் பேர் இருக்கும்வரைதான் காம்பரா. 1948இல் நாட்டின் குடியுரிமையும் பறிபோனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. ஒரே காம்பராவில் பிறந்த அண்ணன் அந்தக் கணக்கிலும் தம்பி இந்தக் கணக்கிலும் விழுந்தார்கள். போகிறவர்கள் ரயிலேறித் தலைமன்னார் சேர்ந்து, கப்பலில் ராமேஸ்வரம் இறங்கினார்கள். வழியனுப்ப வந்தவர்களின் அழுகையால் அந்த ரயில் ஒப்பாரிக் கோச்சி ஆனது. 1984இல் கப்பல் நின்றது. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமைச் சட்டம் வர 2003 ஆனது.

இன்று மலையகத்தில் இந்திய உதவியுடன் தனி வீடுகள் எழுகின்றன: 7 பேர்ச் காணி, 550 சதுர அடி, வீட்டோடு கழிவறை. வயதுவந்த பிள்ளைகளுக்கு ஓர் அறை; பெண்களுக்குக் கதவடைத்து உடை மாற்றும் மறைவு. இவை சின்ன விடயங்கள் அல்ல. 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஆயினும் லயத்தில் வாழ்வோரே இன்றும் ஏராளம். அங்கே குடும்பம் பெருகியபோது காம்பரா பெருகவில்லை. இஸ்தோப்பைத் தகரத்தால் மறைத்து அறையாக்கிக்கொண்டார்கள்.

இஸ்தோப்பு திறந்திருந்த காலத்தில், ஒரு காம்பராவில் அடுப்பு எரியாவிட்டால் பக்கத்துக் காம்பராவுக்குத் தெரிந்துவிடும். சொல்லாமலே சோறு வரும். கொழுந்தெடுக்கப் போன தாய்க்காகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஓர் ஆயா இருப்பார். தனி வீட்டில் அந்த ஒட்டுதல் குறைந்துதான் போகிறது. அதற்காக லயத்தை மெச்ச எனக்கு மனம் வரவில்லை. அங்கே பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்தால்தான் குடும்பத்துக்குக் கூரை. உறுதிப் பத்திரம் கைக்கு வந்த வீட்டில், கொழும்பில் வேலை செய்யும் மகன் தீபாவளிக்கு வந்து தங்க எந்தத் தோட்டத் துரையையும் கேட்க வேண்டியதில்லை.