அகதிக் குடும்பத்தின் படக்கதை

ஓவியர் தி புய் 1975இல் சைகோனில் பிறந்தார். மூன்று மாதத்தில் வியட்நாம் போர் முடிந்தது. 1978இல் குடும்பம் படகேறித் தப்பியது. நடுக்கடலில் சுக்கானைப் பிடித்தவர் தந்தை. கர்ப்பிணியாகப் படகேறிய தாய்க்கு மலேசிய அகதி முகாமில் மகன் பிறந்தான். பிறகு அமெரிக்கா.

பெற்றோரின் நினைவுகளை அவர் முதலில் தொகுத்தது பட்டமேற்படிப்பின்போது, வாய்மொழி வரலாறாக. அது மட்டும் போதவில்லை. காமிக்ஸ் வரைவதைப் புதிதாகக் கற்றுக்கொண்டார். அப்படி உருவான படக்கதை நூல் ‘தி பெஸ்ட் வீ குட் டூ’ வெளிவந்தது 2017இல்தான்.

நூல் முழுக்கக் கறுப்புக் கோடுகள், மேலே செங்கல் நிறப் பூச்சு. வேறு வண்ணமே கிடையாது. கலிஃபோர்னியா வீட்டில் பிள்ளைகளை அச்சுறுத்திய அப்பாவும், 1945 பஞ்சத்தில் வடக்கு வியட்நாமில் பிழைத்துக்கிடந்த சிறுவனும் ஒரே ஆள் என்பதை இந்த நூல் பொறுமையாகக் காட்டுகிறது. அப்பாவுக்காக அவர் வாதாடவில்லை. குற்றம் சாட்டவும் இல்லை. உரைநடை இரண்டு காலங்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் சொல்லும். படக்கதையில் இரண்டும் எதிரெதிரே நிற்கலாம். இந்த வடிவத்தைத் தேர்ந்ததற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

முகாமில் அடையாளத்துக்காக எடுக்கப்பட்ட குடும்பப் புகைப்படங்களை அவர் வரையவில்லை; அப்படியே அச்சிட்டிருக்கிறார்.

பக்கங்களை முதலில் எழுத்தைப் படிக்காமல் பாருங்கள். யார் யாரைப் பார்க்கவில்லை என்பது தெரியும்.