வழக்கில் சிக்கிய கம்பனியில் பணம் போடலாமா?

"கூகுள் பங்கு வாங்கச் சொல்லி லண்டனிலுள்ள மகன் சொல்கிறான். அரசாங்கமே வழக்குப் போட்ட கம்பனியாமே?" என்று நமது சோனகத் தெரு வியாபாரிகள் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான்.

முதலில் வழக்கைப் பார்ப்போம். ஓர் இறக்குமதியாளர் ஊரிலுள்ள எல்லாக் கடைகளுக்கும் பணம் கொடுத்து, தன் பிஸ்கட்டை மட்டும் முன் தட்டில் வைக்கச் சொன்னால் எப்படியிருக்கும்? கூகுள் செய்ததும் ஏறக்குறைய அதுதான். ஐபோனில் தனது தேடல் முதலில் வரவேண்டும் என்பதற்காக, 2022இல் மட்டும் ஆப்பிள் கம்பனிக்கு 2,000 கோடி டொலர் கொடுத்தது. இவ்வாறு ஏகபோகத்தைக் காத்தது சட்டவிரோதம் என்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். இந்தியாவின் போட்டி ஆணைக்குழுவும் அன்ட்ரொய்ட் விவகாரத்தில் 2022 ஒக்டோபரில் 1,337.76 கோடி ரூபா அபராதம் விதித்தது.

கம்பனி உடைந்ததா? இல்லை. குரோமை விற்கத் தேவையில்லை என்றும், பிறரைத் தடுக்கும் ஒப்பந்தங்கள் கூடாது என்றும் அதே நீதிபதி 2025 செப்டெம்பரில் கூறினார். மறுநாளே பங்கின் விலை சுமார் 9 சதவீதம் ஏறியது. பயந்து முதல்நாள் விற்றவருக்கே நஷ்டம்.

இதைக் கேட்டதும் அவசரப்பட வேண்டாம். மைக்ரோசொப்ட் கதையையும் கேளுங்கள். அமெரிக்க அரசு 1998இல் அதன்மீது வழக்குத் தொடுத்தது. 2000 ஏப்ரலில் தீர்ப்பு எதிராக வந்த அன்று பங்கு சுமார் 14 சதவீதம் விழுந்தது. ஜூனில் கம்பனியை இரண்டாக உடைக்க உத்தரவானது. 2001இல் மேல்நீதிமன்றம் அவ்வுத்தரவை ரத்துச் செய்தது. கம்பனி தப்பியது, இலாபமும் தொடர்ந்தது. ஆனால் 1999 டிசம்பரில் உச்ச விலைக்கு வாங்கியவர் அதே விலையை மீண்டும் காண 2016 வரை காத்திருந்தார். அவரை வீழ்த்தியது வழக்கு மட்டுமல்ல. இணைய மோகத்தில் எல்லோரும் அள்ளிக் கொடுத்த அளவுமீறிய விலையே பெரிய காரணம்.

ஆகவே, வழக்கின் முடிவை ஊகிப்பதைவிட மூன்று விடயங்களைப் பாருங்கள். விலை, கம்பனியின் வருட இலாபத்தைப் போல் எத்தனை மடங்கு? பிறரைத் தடுக்காமலும் அதன் சரக்கு விலைபோகுமா? கடைக்கும் வீட்டுக்கும் வேண்டாத பணமா நீங்கள் போடுவது?

நமக்கு நான்காவதும் உண்டு. வட்டிக்கடன் சந்தைப் பெறுமதியில் 30 சதவீதத்துக்கும், ஹராமான வருமானம் 5 சதவீதத்துக்கும் உட்பட்டிருக்க வேண்டும் என்பது பஹ்ரைனிலுள்ள அயோஃபி அமைப்பின் அளவுகோல். அந்தச் சிறு பங்கையும் கணக்கிட்டு நீக்கிவிட வேண்டும். போட்டியாளரை முடக்கிச் சேர்த்த இலாபம் பற்றி உலமாக்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிருந்து பணம் அனுப்புவதாயின் அந்நியச் செலாவணிச் சட்டம் குறுக்கே நிற்கும். வங்கியில் விசாரிக்காமல் உண்டியலை நாடாதீர்கள்.

இலாபம் விற்கும்போது அல்ல, வாங்கும்போதே தீர்மானமாகிறது. அரிசி மூட்டைக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு கூகுளுக்கும் பொருந்தும். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.