குறைபார்வையுடையோரும் மடிக்கணினித் தேர்வும்

ஏடும் எழுத்தாணியும் கல்விக்கு இன்றியமையாதனவாக விளங்கிய காலம் ஒன்றிருந்தது. இன்று அவ்விடத்தை மடிக்கணினி பெற்றுள்ளது. பாடக்குறிப்பு, ஆய்வேடு, தேர்வு விண்ணப்பம், நூலகம் ஆகிய அனைத்தும் அதன் திரை வழியாகவே மாணவரை வந்தடைகின்றன. நல்ல பார்வையுடையோர் எக்கருவியை வாங்கினும் ஒருவாறு பழகிக்கொள்வர். குறைபார்வையுடைய மாணவர்க்கோ தவறான தேர்வு படிப்பையே முடக்கவல்லது. பல குடும்பங்கள் கடன்பட்டு ஒருமுறையே வாங்கும் பொருள் இது. பொருந்தாத திரையொன்றை வாங்கிவிட்டால் அதன் துன்பத்தை நான்கைந்து ஆண்டுகள் அம்மாணவரின் கண்களே சுமக்க வேண்டியிருக்கும். ஆதலின் குறைபார்வையுடையோர் மடிக்கணினியைத் தேர்ந்தெடுக்குங்கால் கருத்திற் கொள்ள வேண்டியவற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

குறைபார்வை – விளக்கம்

முழுப் பார்வையின்மை வேறு, குறைபார்வை வேறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையை இருவகையாக வரையறுக்கிறது. கண்ணாடி முதலிய திருத்தங்களுக்குப் பின்னரும் இரு கண்களுள் சிறந்த கண்ணின் கூர்மை 6/18க்குக் கீழிறங்கி 3/60 வரை இருப்பது ஒன்று. பார்வைப்புலம் 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரை சுருங்கியிருப்பது மற்றொன்று. நல்ல பார்வையுடையவர் 18 மீட்டர் தொலைவிலிருந்து காணும் எழுத்தை 6 மீட்டர் அணுகிக் காண்பதே 6/18 என்பதன் பொருள்.

இவ்வேறுபாடே தேர்வின் அடிப்படையாகும். விழித்திரையின் நடுப்பகுதி பழுதுற்றவர்க்குப் பெரிய எழுத்தும் அகன்ற திரையும் துணைபுரியும். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா போன்ற நோயால் பார்வைப்புலம் சுருங்கியவர்க்கு எழுத்து மிகப் பெரிதாயின் ஒரு நோக்கில் ஓரிரு எழுத்துகளே அகப்படும். அவர்க்கு அளவான திரையில் தெளிவான எழுத்தே ஏற்றது. நிறமிக்குறைவுடையோர்க்கும் கருவிழி மங்கியோர்க்கும் கண்கூச்சமே முதற்பகை. ஒரே விழுக்காட்டில் சான்றிதழ் பெற்ற இருவர்க்குக்கூட ஒரே கருவி பொருந்தாமற் போகலாம். ஆகவே, கடைக்குச் செல்லுமுன் கண் மருத்துவரிடம் தம் குறையின் இயல்பைக் கேட்டறிதல் நன்று. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் குறைபார்வைக்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன.

திரையின் அளவும் தொலைவும்

எழுத்தை இரு மடங்காக்குதற்கு எளிய வழி, தொலைவைப் பாதியாக்குதல். 60 செ.மீ. தொலைவிலிருந்து காண்பதை 30 செ.மீ. அணுகிக் கண்டால் விழித்திரையில் விழும் உருவம் இரட்டிக்கும். ஆயின், மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒன்றாய்ப் பிணைந்திருத்தலின், அணுகிப் பார்ப்பவர் கூனிக் குனிய நேரிடுகிறது. கணினியை உயர்த்தி வைக்கும் தாங்கியும் தனி விசைப்பலகையும் சேர்ந்தால் கழுத்தும் முதுகும் காக்கப்படும். இவற்றின் விலையையும் தொடக்கத்திலேயே கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

திரையின் மூலைவிட்ட அளவை மட்டும் நோக்குதல் போதாது. 16:9 விகிதத்தில் அமைந்த 15.6 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 34.5 செ.மீ.; உயரம் 19.4 செ.மீ. 16:10 விகிதத்தில் அமைந்த 16 அங்குலத் திரைக்கும் அகலம் அதுவே, உயரமோ 21.5 செ.மீ. எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்க்கு இந்த இரண்டு செ.மீ. மேலும் சில வரிகளைத் தரும். 17 அங்குலக் கருவிகள் இன்னும் வசதியானவை எனினும், நாள்தோறும் பேருந்தில் சுமந்து வருவோர் அவற்றின் எடையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தெளிவுத்திறன் பற்றிய மயக்கம்

திரையிற் புள்ளிகள் மிகுந்தால் எழுத்துப் பெரிதாகும் எனப் பலர் கருதுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. 1920×1080 புள்ளிகளைக் கொண்ட 15.6, 14 அங்குலத் திரைகளை ஒரே அமைப்பில் வைத்தால், சிறிய திரையின் எழுத்துப் பத்தில் ஒரு பங்கு சிறுத்தே தோன்றும். புள்ளிகள் மிகுதலால் விளைவது எழுத்தின் விளிம்பு கூர்மையாதலே. பெரிதாக்கிப் படிக்குங்கால் அக்கூர்மை பயன்படும். எனினும், மிகுபுள்ளித் திரையில் பழைய மென்பொருள்கள் சில மங்கலாகவோ மிகச் சிறிதாகவோ தோன்றும் என்பதையும் மறத்தலாகாது.

ஒளியும் கோணமும்

பளபளப்பான திரை கடையில் அழகாய் மின்னும். வகுப்பறையிலோ சாளரமும் மின்விளக்கும் அதில் நிழலாடும். ஆதலின் பளபளப்பற்ற திரையே பெரும்பாலோர்க்கு உகந்தது. குறைந்த விலைக் கருவிகள் பலவற்றின் ஒளியளவு 250 நிட். பகல் வெளிச்சத்தில் படிப்போர்க்கு 300 முதல் 400 நிட் வரை தேவைப்படும். கண்கூச்சம் உடையோரோ ஒளியை எவ்வளவு குறைக்கலாம் என்பதையே முதலில் ஆராய்தல் வேண்டும். ஓ.எல்.இ.டி. திரை ஆழ்ந்த கருமை தரும்; ஆயினும் ஒளியைக் குறைக்குங்கால் அவற்றுட் சில நுண்ணிதாய்த் துடித்துக் கண்ணை வருத்தும்.

மற்றொன்றும் இங்குக் கருதத்தக்கது. 20 செ.மீ. அணுகிப் படிப்பவர் 15.6 அங்குலத் திரையின் ஓரத்தை ஏறக்குறைய 40 பாகைச் சாய்விற் காண்கிறார். டி.என். வகைத் திரையில் சாய்வு மிகுந்தால் நிறம் மாறி எழுத்து வெளிறும். ஐ.பி.எஸ். வகைத் திரையில் இக்குறை மிகக் குறைவு. நல்ல பார்வையுடையோர் பொருட்படுத்தாத இவ்வேறுபாடு குறைபார்வையுடையோர்க்கு இன்றியமையாததாகிறது.

விசைப்பலகையும் உள்ளுறுப்புகளும்

வெள்ளி நிற விசையில் சாம்பல் நிற எழுத்துப் பொறித்து, பின்னிருந்து வெள்ளொளி பாய்ச்சினால் பகலில் எழுத்தே மறைந்துவிடும். கருநிற விசையில் வெள்ளெழுத்து அமைதலே நலம். தனி எண்விசைப் பகுதி இருப்பின் திரைவாசிப்பு மென்பொருளை இயக்குவது எளிதாகும். 8 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் ஆகியன குறைந்த அளவுத் தேவைகள். பழைய கருவி வாங்குவோர் அது விண்டோஸ் 11ஐ ஏற்குமா என உறுதி செய்தல் வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது.

உருப்பெருக்கமும் ஒலியும்

பெரிதாக்கும் முறை இருவகைப்படும். எழுத்தை மட்டும் பெரிதாக்கினால் வரிகள் திரையகலத்துக்குள் மடங்கி அமையும். திரை முழுவதையும் உருப்பெருக்கியாற் பெரிதாக்கினால், இரு மடங்கிற் காற்பகுதியும் நான்கு மடங்கிற் பதினாறில் ஒரு பகுதியுமே கண்ணிற்படும். வரிதோறும் சுட்டியை நகர்த்த நேர்தலின் வரி தவறுதல் இயல்பு. முதல் முறையை இயன்ற மட்டும் கையாண்டு, எஞ்சியதற்கே இரண்டாவதை நாடுதல் அறிவுடைமை. விண்டோஸ் விசையையும் கூட்டல் விசையையும் சேர்த்து அழுத்தினால் உள்ளமைந்த உருப்பெருக்கி திறக்கும்.

கண் களைத்தபோது செவி துணையாகும். ஆஸ்திரேலியாவில் 2006ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. ஆயின், ஒருங்குறியில் அமைந்த தமிழே அதற்குப் புரியும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பாடம் பொருளற்ற ஒலிக்குவியலாய் வெளிப்படும். படமாக எடுத்தனுப்பிய பக்கத்தில் அதனால் வாசிக்கக்கூடிய எழுத்தே இல்லை.

கடையிற் செய்யத்தக்க சோதனை

வாங்குமுன் தம் பாடக்குறிப்புப் பக்கம் ஒன்றைக் கடைக்கு எடுத்துச் சென்று திரையிற் படித்துப் பார்த்தல் வேண்டும். ஆங்கில எழுத்தை மட்டும் கண்டு முடிவு செய்தல் தவறு. தமிழில் புள்ளி ஒன்று மறைந்தால் 'கல்', 'கல' ஆகிவிடும். கொம்பின் சுழி தெளியாவிடின் 'கொடை'க்கும் 'கோடை'க்கும் வேறுபாடு தோன்றாது. 'பணி'யும் 'பனி'யும் மயங்கும். மெய்யின் புள்ளி எவ்வளவில் ஐயமின்றித் தெரிகிறதோ, அதுவே அவர்க்குரிய எழுத்தளவு. அவ்வளவில் தம் வழக்கமான தொலைவில் அமர்ந்து, பத்து நிமிடங்கள் தொடர்ந்து படித்து, கண்ணும் கழுத்தும் நோகாமலிருப்பதை அறிதல் வேண்டும். எத்தனை வரிகள் திரையில் அடங்குகின்றன என எண்ணிப் பார்த்து, இரண்டு மூன்று கருவிகளை இவ்வாறே ஒப்பிட்டால், விளம்பரம் சொல்லாத உண்மை விளங்கும்.

நிறைவுரை

மேற்கூறியவற்றால், விலையும் வேகமும் கருவியின் சிறப்பைக் காட்டினும், படிப்பவரின் கண்ணே அதன் பொருத்தத்தைக் காட்டும் என்பது பெறப்படுகிறது. பெற்றோரும் கொடையாளரும் கருவியை வாங்கி வந்து கையில் அளிப்பதினும், மாணவரை உடன் அழைத்துச் சென்று அவரே சோதித்துத் தேரச் செய்தல் சாலச் சிறந்தது. ஆசிரியராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. நாம் அளிக்கும் பாடக்குறிப்பு ஒருங்குறியில் அமையாவிடின், நன்கு தேர்ந்தெடுத்த கருவியும் அம்மாணவர் முன் ஊமையாகிவிடும். கருவியைப் பொருத்தமாகத் தேர்வது அவர் உரிமை. அக்கருவி படிக்கத்தக்க வடிவில் பாடத்தைத் தருவது நம் கடமை.