ஹார்ட் டிஸ்க் மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம்

சில வருடங்களுக்கு முன், "டக் டக்" என்று சத்தம் போட ஆரம்பித்த என் 80 ஜிபி ஹார்ட் டிஸ்கை நானே திறந்து பார்த்தேன். ஸ்குரூக்களைக் கழற்றி மூடியைத் தூக்கியதும் ஓரம் முழுக்க ஒரு கறுப்பு ரப்பர் வளையம். இவ்வளவுதானா என்று பார்த்துவிட்டுத் திரும்ப மூடினேன். அதுவரை தட்டுத்தடுமாறியாவது ஓடிய டிஸ்க், அதன்பிறகு ஓடவேயில்லை. மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் அதோடு போயின.

அந்த வளையம்தான் கேஸ்கெட். குக்கர் மூடியில் இருப்பதன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பல டிஸ்க்குகளில் இது ஃபுளோரோகார்பன் என்ற செயற்கை ரப்பர். டூபாண்ட் நிறுவனம் 1957-ல் 'வைட்டான்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை. சுமார் 200 டிகிரி செல்சியஸ் வெப்பம் தாங்கும், பெட்ரோல், ஆயில் பட்டாலும் எளிதில் ஊதாது. அதனால் கார், விமான இன்ஜின்களில் இதற்கு நல்ல மதிப்பு. குளிர்தான் இதற்கு ஆகாது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்து 7 பேர் இறந்ததற்குக் காரணம், குளிரில் விறைத்துப்போன இதே வகை ரப்பர் வளையம்தான். விசாரணையில் விஞ்ஞானி ஃபெய்ன்மன் அந்த ரப்பரை ஐஸ் தண்ணீரில் போட்டுக் காட்டினார்.

நம் வீட்டில் அந்தக் குளிரும் இல்லை, 200 டிகிரியும் இல்லை. பிறகு ஏன் இந்த விலையுயர்ந்த ரப்பர்? தூசியைத் தடுப்பதோடு, தானும் ஆவி விடக்கூடாது என்பதுதான் விஷயம். டிஸ்கில் தகவலைப் படிக்கும் ஹெட், சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. சிகரெட் புகைத் துகளே அந்த இடைவெளியைவிடப் பெரியது!

"கடையில் கிடைக்கும் சிலிக்கோன் பேஸ்ட்டைத் தடவி மூடினால் என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டவே வேண்டாம். அவற்றில் பலவற்றில் வரும் வினிகர் வாசனை அசிட்டிக் அமிலம், உலோகத்தை அரிக்கும். சிலிக்கோன் ஆவி ஹெட்டிலும் படியும்.

மூடியில் "இதை மூடாதீர்கள்" என்ற எச்சரிக்கையோடு ஒரு சிறு துளை இருந்தால் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். உள்ளே ஃபில்டர் உண்டு, காற்றழுத்தத்தைச் சமமாக்கும் வழி அது. 2013-ல் வந்த ஹீலியம் டிஸ்க்குகளில் இந்தத் துளையே கிடையாது. ஹீலியம் ரப்பருக்குள்ளும் கசிந்துவிடும் என்பதால் மூடியை வெல்டிங் செய்துவிடுகிறார்கள்.

உங்கள் டிஸ்க் சத்தம் போட்டால் உடனே கரன்ட்டை நிறுத்துங்கள். ஸ்குரூ டிரைவரை எடுக்காமல், தூசியில்லாத 'கிளீன் ரூம்' வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.