இஃப், எலிஃப், எல்ஸ்: எதை முதலில் கேட்பது?

பைதான் மொழியில் நிபந்தனை எழுத இஃப், எலிஃப், எல்ஸ் ஆகிய மூன்று சொற்கள் போதும். லீப் ஆண்டு கண்டுபிடிக்கும் சிறிய புரோகிராம் மூலம் இவற்றைப் பார்ப்போம்.

4-ஆல் மீதியின்றி வகுபட்டால் லீப் ஆண்டு. ஆனால் 100-ஆல் வகுபடும் ஆண்டு, 400-ஆலும் வகுபட வேண்டும். எனவே 2000 லீப் ஆண்டு, 1900 அல்ல.

ஆண்டு = 1900
இஃப் ஆண்டு % 400 == 0:
    பிரிண்ட்("லீப் ஆண்டு")
எலிஃப் ஆண்டு % 100 == 0:
    பிரிண்ட்("சாதாரண ஆண்டு")
எலிஃப் ஆண்டு % 4 == 0:
    பிரிண்ட்("லீப் ஆண்டு")
எல்ஸ்:
    பிரிண்ட்("சாதாரண ஆண்டு")

இஃப், எலிஃப், எல்ஸ், பிரிண்ட் ஆகியவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துக்களில் டைப் செய்யுங்கள். எலிஃப் என்பதற்கு இ, எல், ஐ, எஃப் என நான்கே எழுத்துக்கள். % குறி வகுத்தபின் வரும் மீதியைத் தரும். ஒப்பிட இரண்டு சமக்குறிகள் தேவை. நிபந்தனையின் முடிவில் கோலன் (:) இட்டு, அடுத்த வரியை நான்கு ஸ்பேஸ் உள்ளே தள்ளித் தொடங்குங்கள்.

பைதான் மேலிருந்து கீழாகச் சோதிக்கும். முதலில் பொருந்தும் நிபந்தனைக்கு உரியதை மட்டும் செய்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடும். 4-ஐ முதலில் கேட்டால், 1900-ஐயும் லீப் ஆண்டு என்று சொல்லிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. விடை மட்டும் தவறாக இருக்கும்.

மைக்ரோசாப்ட் எக்ஸெல் இன்றும் 1900-ஐ லீப் ஆண்டாகவே கணக்கிடுகிறது. பழைய லோட்டஸ் 1-2-3 கோப்புகளுடன் ஒத்துப்போவதற்காக வைத்த தவறு அது.

1900, 2000, 2023, 2024 என நான்கு ஆண்டுகளையும் கொடுத்துப் பாருங்கள். நான்கு பிரிவுகளும் ஒருமுறை சோதிக்கப்பட்டுவிடும்.