விட்டுவிட்டு நொண்டும் பின்னங்கால்

எந்நேரமும் நொண்டுகிற குதிரைக்கு வைத்தியம் பார்ப்பது சுலபம். காலையில் காலை இழுத்துவிட்டு, மத்தியானம் துள்ளி நடந்து, டாக்டர் வந்து நிற்கும்போது ஒன்றுமே தெரியாத மாதிரி நிற்கிற குதிரைதான் வம்பு. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்கி வண்டிக்குப் பழக்குகிறவர்கள் நம் கொங்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அனுப்பர்பாளையத்தில் என் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அப்படி ஓர் இளங்குதிரை வைத்திருக்கிறார். போன மார்கழியில் அதன் பின்னங்கால் இப்படித்தான் பண்ணியது. மாடு வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் முதல் சந்தேகம் குளம்பின் மேல்தான். பாத்திரப் பட்டறைத் தகட்டுத் துண்டு ரோட்டோரம் கிடக்கும்; ஏறினால் கால் போச்சு. குளம்பைத் தூக்கிச் சுரண்டிப் பார்த்தோம். குத்து இல்லை, சூடு இல்லை, லாடமும் சரி. உள்ளே ஏதாவது குத்தியிருந்தால் வலி பெரும்பாலும் நாளுக்கு நாள் ஏறுமே தவிர, பத்து மணிக்கு வந்து பன்னிரண்டு மணிக்குப் போகாது.

அப்புறம் ஒரு நோட்டு போட்டோம். எப்போது இழுக்கிறது, அதற்கு முன்னால் நின்றதா நடந்ததா, என்ன தின்றது என்று பத்து நாள் எழுதினோம். பாங்கில் முப்பது வருஷம் லெட்ஜர் பார்த்தவனுக்கு இது சிரமமில்லை. எந்தக் கால் என்று தெரிய, இரண்டு இடுப்பெலும்பு மேலும் சுண்ணாம்புப் பொட்டு வைத்து, கெட்டித் தரையில் நேராக ஓடவிட்டுப் பின்னாலிருந்து பாருங்கள். எந்தப் பொட்டு அதிகமாக ஏறி இறங்குகிறதோ, அந்தப் பக்கம்தான் கோளாறு.

நோட்டில் தெரிந்தது இதுதான்: ராத்திரி முழுக்கக் கட்டுத்தறியில் நின்ற பிறகு, முதல் சில அடிகளில் மட்டும் கால் பின்னால் நீண்டு விறைக்கிறது. குளம்பின் முன்நுனி தரையில் கோடு போடுகிறது. பிறகு 'டக்'கென்று விடுபட்டு முன்னால் வருகிறது. பின்னாலே நாலடி நடத்தினாலும் விடுபடுகிறது.

இது முட்டிச் சில்லு மாட்டிக்கொள்வது. பின்னங்காலில் முட்டி என்று நாம் காட்டுகிற இடம் உண்மையில் கணுக்கால். நிஜ முட்டி மேலே, அடிவயிற்றை ஒட்டி இருக்கிறது. குதிரை நின்றபடியே தூங்குகிறதே, எப்படி? அந்தச் சில்லின் உள்பக்கத் தசைநாரைத் தொடை எலும்பின் மேட்டில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு காலைப் பூட்டிவிடுகிறது. நடக்கும்போது தொடைத் தசை சில்லைத் தூக்கிப் பூட்டைத் திறக்க வேண்டும். இளசு, மெலிசு, பின்னங்கால் ரொம்ப நேராக அமைந்தது, நாள் கணக்கில் கட்டிக் கிடந்தது இவற்றுக்கெல்லாம் அந்தத் தசை போதாது. பூட்டு திறக்க மறுக்கிறது.

'கால் நோவுதுங்க, கொஞ்ச நாள் கட்டிப்போடுங்க' என்பதுதான் ஊரார் யோசனை. இந்தக் கோளாறுக்கு அது நேர் எதிர் வைத்தியம். கால்நடை மருத்துவரும் பார்த்து, சில்லுதான் என்று உறுதி செய்து, தினமும் நேர்கோட்டில் நடை, மெல்ல மெல்ல மேட்டில் ஏற்றம், ராத்திரி அவிழ்த்துவிட்ட பட்டி, உடம்பு பிடிக்கத் தீனி என்று சொன்னார். மாசியில் இழுப்பது அபூர்வமாகிவிட்டது.

ஆனால் எல்லா நொண்டலுக்கும் நடைதான் மருந்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரெண்டு நாள் சும்மா நின்று கொள்ளு முழு அளவும் தின்ற குதிரை, மூன்றாம் நாள் வேலைக்குப் போன கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் இறுகி, வியர்த்து, காப்பி நிறத்தில் மூத்திரம் பெய்தால் தசை சிதைகிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்துங்கள். ஓர் அடிகூட நடத்தாதீர்கள். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். வேலையில்லாத நாளில் கொள்ளைக் குறைத்தாலே இது பெரும்பாலும் வராது. ஓடஓட நொண்டி, நின்றால் சரியாகி, கால் சில்லிட்டும் இருந்தால் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். கணுக்காலில் எலும்பு தேய்ந்ததும் கிளம்பும்போது விறைத்து, போகப்போக இளகும். ஆனால் கால் பின்னால் நீண்டு மாட்டாது. மடக்கி ஒரு நிமிஷம் பிடித்து உடனே ஓடவிட்டால் நொண்டல் கூடும்.

மாடுகளில் சில்லு மாட்டுவது குதிரையைப் போலவே சகஜம். உழவு மாடு, எருமை, பசு எதிலும் வரும். விடாமல் மாட்டினால், மரத்துப்போகும் ஊசி போட்டு உள்பக்கத் தசைநாரை வெட்டிவிடுவார்கள். சின்ன அறுவைதான், பெரும்பாலும் மாடு அப்போதே சரியாக நடக்கும். குதிரைக்கு இதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் பிறகு சில்லு உடைந்து சிதறும் ஆபத்து உண்டு. இளங்கன்று திடீரென நொண்டி, காய்ச்சலோடு தொடை வீங்கி, அழுத்தினால் நறநறவென்றால் அது சப்பை நோய். மணிக்கணக்கில் உயிர் போகும், நோட்டு எழுத நேரமில்லை. இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு வேறு கால் என்று காய்ச்சலோடு மாறினால் மூணு நாள் காய்ச்சலாக இருக்கும்.

சூடு போடுவதை இன்னும் விடவில்லை நம் ஆட்கள். தழும்புதான் மிச்சம், சில்லு அப்படியே மாட்டும். வலி ஊசியும் டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் வேண்டாம். அது நொண்டலை மறைத்துவிடும். டைக்ளோஃபெனாக் ஊசியைக் கால்நடைக்குப் போடுவது 2006இலேயே தடை செய்யப்பட்டது. அது போட்டுச் செத்த மாட்டைத் தின்ற கழுகுகள்தான் கூட்டம் கூட்டமாக மடிந்தன. மிஞ்சிய கொஞ்சம் நமக்குப் பக்கத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன.

டாக்டர் வரும் நேரத்தில் குதிரை நல்லபடியாக நடந்து தொலைக்கும். அதனால் விடியற்காலையில் கட்டுத்தறியிலிருந்து அவிழ்க்கும்போதே செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, குளம்பு தரையில் படுவது தெரிகிற மாதிரி.