பத்துக் கோடி ரூபாய் மூலநிதி: அறிவிப்புக்கு முன் அறங்காவலர்கள் போட வேண்டிய கணக்கு

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்கத் தேவைப்பட்டது 60 லட்சம் அமெரிக்க டாலர். 2015இல் மருத்துவர்கள் விஜய் ஜானகிராமனும் சம்பந்தமும் ஆளுக்கு 5 லட்சம் டாலர் தர முன்வந்தனர். இது இலக்கில் 16.7 சதவீதம். 2017இல் தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் அறிவித்தது. டாலருக்கு 65 ரூபாய் என்று கொண்டால் 15.4 லட்சம் டாலர், அதாவது 25.6 சதவீதம். 2018இல் எட்டப்பட்ட இலக்கில் 42.3 சதவீதம் மூன்றே தரப்புகளின் பங்கு. எஞ்சிய 34.6 லட்சம் டாலரை நூறு நூறு டாலராக மட்டும் திரட்டியிருந்தால் 34,600 பேர் தேவைப்பட்டிருப்பார்கள்.

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் அமைந்த தமிழ் இருக்கைக்கு இலக்கு 30 லட்சம் கனடிய டாலர். 2018இல் தொடங்கி 2021இல் நிறைவேறியது. இதற்குத் தமிழ்நாடு அரசு அறிவித்தது 1 கோடி ரூபாய். கனடிய டாலருக்கு 58 ரூபாய் என்று கொண்டால் 1.72 லட்சம் டாலர், இலக்கில் 5.7 சதவீதம். ஹார்வர்டில் அரசின் பங்கு நான்கில் ஒன்று, டொராண்டோவில் பதினேழில் ஒன்று. இரண்டுக்கும் ஏறத்தாழ மூன்றாண்டுகள் பிடித்தன.

ஹார்வர்டின் விகிதத்தைத் தமிழ்நாட்டில் 10 கோடி ரூபாய் மூலநிதி திரட்ட எண்ணும் ஓர் அறக்கட்டளைக்குப் பொருத்திப் பார்க்கலாம். மூன்று பெரிய கொடையாளர்கள் 42 சதவீதம் தந்தால் 4.2 கோடி ரூபாய். தலைக்குச் சராசரி 1.4 கோடி. மீதி 5.8 கோடியை 5,000 ரூபாய் வீதம் திரட்ட 11,600 ரசீதுகள் போட வேண்டும். 36 மாதங்களில் முடிக்க மாதத்துக்கு 322. மாதம் 25 வேலை நாள் என்றால் நாளுக்கு 13. சராசரி நன்கொடை 50,000 ரூபாயானால் மாதத்துக்கு 32 ரசீது போதும்.

ஒன்பது அறங்காவலர்கள் தலைக்கு 2 லட்சம் ரூபாய் தந்தால் 18 லட்சம்; இலக்கில் 1.8 சதவீதம்தான். தொகையால் இது பெரிதல்ல. ஆனால் 1.4 கோடி ரூபாய் கேட்கப்படும் ஒருவர் முதலில் விசாரிக்கக்கூடிய எண் இதுதான். ஹார்வர்டில் முயற்சியைத் தொடங்கியவர்களே முதல் ஆறில் ஒரு பங்கைத் தந்தார்கள்.

வாக்களித்த தொகை வேறு, வங்கிக்கு வந்த தொகை வேறு. 1.4 கோடி ரூபாயை மூன்று தவணைகளில் தருவதாகச் சொன்ன ஒருவர் இரண்டோடு நிறுத்தினால் துண்டு விழுவது 46.7 லட்சம் ரூபாய். அதை ஈடுகட்ட 5,000 ரூபாய் ரசீதுகள் 933 வேண்டும். மேலே கண்ட வேகத்தில் ஏறத்தாழ மூன்று மாத வேலை.

வரிச் சலுகையை நம்பிப் போடும் கணக்கும் மாறிவிட்டது. பழைய வரிமுறையில் 30 சதவீத வரி வரம்பில் உள்ளவர், 80ஜி பிரிவில் 50 சதவீதக் கழிவு உள்ள அறக்கட்டளைக்கு 1 லட்சம் ரூபாய் தந்தால், 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் சேர்த்து 15,600 ரூபாய் மிச்சம். புதிய வரிமுறையில் இந்த மிச்சம் பூச்சியம். 2024 ஜூலை 31 வரை தாக்கலான 7.28 கோடி வருமானவரிக் கணக்குகளில் 5.27 கோடி, அதாவது 72 சதவீதம், புதிய முறையில் அமைந்தவை. வரிச் சலுகையை முன்வைத்துக் கேட்டால் அது பத்தில் மூன்று பேருக்குக்கூடப் பொருந்தாமல் போகலாம்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம். 1 கோடி ரூபாய் முழுவதையும் ஒரே அறக்கட்டளைக்குத் தரும் நிறுவனத்துக்குக்கூட 50 கோடி ரூபாய் சராசரி லாபம் வேண்டும். 5 கோடி லாபம் உள்ள நிறுவனத்தின் மொத்தக் கடமையே 10 லட்சம் ரூபாய். அதைவிட முக்கியமானது, 2021 ஜனவரி முதல் மூலநிதிக்குத் தரும் தொகை இந்தக் கணக்கில் சேராது. எனவே மூலநிதிப் பட்டியலில் இந்த இனத்துக்கு எதிரே எழுத வேண்டிய எண் பூச்சியம். திட்டச் செலவுக்கு மட்டுமே இதைக் கேட்கலாம்.

வெளிநாட்டு நன்கொடைக்குத் தனிப் பதிவு வேண்டும். பொதுவாக அதற்கு மூன்றாண்டுச் செயல்பாடும், அம்மூன்றாண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும். வரும் தொகையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 2020இல் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 1 கோடி ரூபாய் வந்தால் அலுவலகத்துக்குச் செலவிடக்கூடியது 50 லட்சமல்ல, 20 லட்சம்.

திரட்டவும் செலவாகும். மாதம் 40,000 ரூபாய் சம்பளத்தில் இரண்டு ஊழியர்கள் 36 மாதம் வேலை செய்தால் 28.8 லட்சம் ரூபாய், இலக்கில் 2.9 சதவீதம். மூலநிதிக்கென்று எழுதித் தரப்பட்ட நன்கொடையிலிருந்து இதை எடுக்க முடியாது. முதல் ரசீது போடுமுன் இத்தொகைக்கு வேறு வழி தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக இலக்கே. 10 கோடி ரூபாய் 7 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 70 லட்சம் ஈட்டும். வருமான வரிவிலக்குக்கு அதில் 85 சதவீதம், 59.5 லட்சம், அறப்பணிக்குச் செலவாக வேண்டும். தனி விண்ணப்பமின்றி மூலநிதியில் சேர்க்கக்கூடியது 10.5 லட்சம், வளர்ச்சி 1.05 சதவீதம். விலைவாசி 5 சதவீதம் ஏறினால் பத்தாண்டு முடிவில் அந்த மூலநிதியின் மதிப்பு இன்றைய விலையில் 6.8 கோடி ரூபாய்.

அறக்கட்டளையின் தேவை இன்றைய விலையில் ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஐந்தாம் ஆண்டு செலவிடக் கிடைப்பதன் மதிப்பு 51 லட்சம், ஆறாம் ஆண்டு 49.1 லட்சம், பத்தாம் ஆண்டு 42.1 லட்சம். பத்தாம் ஆண்டிலும் 50 லட்சம் கிடைக்க வேண்டுமானால் மூலநிதி 11.9 கோடி ரூபாயாக இருக்க வேண்டும். அந்த 1.9 கோடியை இலக்கில் கூட்டுவதா, ஆறாம் ஆண்டிலிருந்து பணிகளைக் குறைப்பதா என்பதை அறங்காவலர் குழு அறிவிப்புக்கு முன்பே தீர்மானித்துக் கூட்டக் குறிப்பில் பதிவது நல்லது.